பூஜையில் வைத்த மெமரி

நந்தினிக்கு 'முடியாது' என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கு விடைக்கும். சொன்னவர் டாக்டரா, டிக்கெட் பரிசோதகரா என்றெல்லாம் அவள் பார்ப்பதில்லை. ஏன் முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும், அது அவளுக்குப் புரிய வேண்டும், புரிந்த பிறகு சரியாகவும் இருக்க வேண்டும். சரியாக இருந்துவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டு போய்விடுவாள். ஆனால் அப்படிச் சரியான காரணத்தோடு வந்த 'முடியாது' அவள் வாழ்க்கையில் ரொம்பக் குறைவு.

திருவாலங்காட்டுப் பக்கத்துப் பெண். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு டிராயிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். தொழிற்சாலைக் கொட்டகைகளின் இரும்புச் சட்டங்கள், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கால்கள், மாடிப்படிகள் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுத் தருவது வேலை. அங்கே இருக்கும்போதுதான் ஆரம்பாக்கத்து அன்புசெல்வனைக் கட்டிக்கொண்டாள். அவன் அதே சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். நல்லவன், அதிர்ந்து பேசாதவன். டிவியில் கிரிக்கெட் ஓடும்போது மட்டும்தான் அவன் குரல் தெருவுக்குக் கேட்கும்.

மகள் பிறந்து, பால் மறந்து, நந்தினி மறுபடி ஆபீசுக்குப் போய் நின்றபோது அவள் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். "எடம் இல்லம்மா. கொழந்தையப் பாத்துக்கோ, அதான் பெரிய வேல" என்றார் மேனேஜர். அது பெரிய வேலை என்றால் நீங்கள் ஏன் அதைப் பார்க்காமல் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நந்தினி கேட்டாள்.  ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காட்டி, தனக்குச் சேர வேண்டிய பாக்கிக்குப் பதிலாக அதைக் கொடுத்துவிடுங்கள் என்றாள். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஆரம்பாக்கம் வந்து இறங்கியவளை ஊரே வேடிக்கை பார்த்தது. வழி முழுக்க மானிட்டரின் கனத்தில் தொடை மரத்துப் போயிருந்தது, இறங்கியதும் சற்று நொண்டினாள், அதற்கும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டிலேயே வேலை. கும்மிடிப்பூண்டியில் ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருந்த வீரராகவன், தன்னிடம் வரும் சின்ன வேலைகளுக்கு அவளிடம்தான் வரைபடம் வாங்கினார். ஒரு கேட்டு, ஒரு ஏணி, ஒரு மேடை. சோறு வடித்துவிட்டு உட்காருவாள், துணி காயப் போட்டுவிட்டு உட்காருவாள். எப்படியோ சொன்ன நாளில் படம் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வீட்டுக்குப் பெரியவர் அன்புசெல்வனின் அண்ணன் அரசப்பன். நெல் வயல், டிராக்டர் எல்லாம் அவர் மேற்பார்வை. அவரைக் கெட்டவர் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா இல்லாத குறை தெரியாமல் தம்பியைப் படிக்க வைத்தவர், ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் அந்த வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். மண்வெட்டி எந்த மூலையில், பைக் எந்த நிழலில், பெண்கள் எந்த அறையில் என்பதுவரை அவர் கணக்குத்தான்.

இரண்டாயிரத்து நான்கில், ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம், வீரராகவன் ஒரு சிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். இதுவரை கொடுத்த வேலைகளெல்லாம் இதற்குக் கால்தூசி பெறாது. ஒரு கம்பெனி புதிதாகப் போடும் பெரிய கொட்டகை, அதன் கூரைச் சட்டம் முழுவதுக்கும் வரைபடம் வேண்டும். கம்பெனியின் பிளான் சிடியில் இருந்தது.

"விஜயதசமி காலைல நல்ல நேரத்துல மொதத் தகடு வெட்டியாவணும்னு பார்ட்டி கண்டிஷனா சொல்லிட்டாருமா. அதுக்குள்ள டிராயிங் என் டேபிள்ல இருக்கணும். உன்னால முடியலன்னா இப்பவே சொல்லு, மெட்ராஸ் ஆளுங்ககிட்ட குடுத்துடறேன். ஆனா ஒண்ணு, அங்க குடுத்தா எல்லா வேலையும் அங்கதான். ரெண்டு எடத்துக்கு என்னால அலைய முடியாது."

"முடியும் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் சிடியையே வாங்கினாள்.

வாங்கிப் போட்டால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறியது. திரையில் மணற்கடிகாரம் வந்து நின்றது. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்தது. அவள் போய்க் குழம்பு தாளித்துவிட்டு வந்தாள், மணற்கடிகாரம் அப்படியே நின்றது. மவுஸை அசைத்தாள், அதுவும் உறைந்துவிட்டது. நாலைந்து நாள் முட்டி மோதித் துண்டு துண்டாகப் பார்த்து அளவுகளை நோட்டில் எழுதிக்கொண்டாளே தவிர, படமாகப் போட முடியவில்லை. சின்னப் பலகையில் பெரிய சப்பாத்தியை இட முடியாது அல்லவா, ஓரமெல்லாம் தொங்கும். அந்த மிஷினில் இருந்த மெமரி நூற்றிருபத்தெட்டு எம்பி. கேட்டுக்கும் ஏணிக்கும் அது போதும். ஒரு கம்பெனியின் கூரையைத் தூக்கி அதன்மேல் வைத்தால் என்ன செய்யும்?

மெமரியைக் கூட்ட இன்னொரு ரேம் கேட்டு, கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த துளசிராமனிடம் போனாள். அவர் மிஷின் பெயரைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார்.

"முடியாது மேடம். இப்ப வர்ற ரேம் இதுல ஏறாது."

"ஏன் ஏறாது?"

"பழசு மேடம்."

"பழசுன்னா ஏறாதா? எங்க ஊட்டு டிராக்டரு உங்க வயசு. அதுல புது டயரு ஏறுதே."

துளசிராமன் அலமாரியிலிருந்து ஒரு புது ரேமை எடுத்து, பக்கத்தில் கிடந்த ஒரு பழைய பழுதான ரேமையும் வைத்துக் காட்டினார். புதியதன் அடிவிளிம்பில் ஒரு வெட்டு, பழையதில் இரண்டு வெட்டு. அமுக்கி உடைத்தால் ஒழியப் புதியது பழைய இடத்தில் உட்காராது. நந்தினி இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காரணம் சரி. ஒப்புக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு வெட்டு இருக்கறதையே குடுங்க."

"அது இப்ப எங்கயுமே கெடைக்காது மேடம். பேஜாரு புடிச்ச வேல. புது செட்டு எடுத்துடுங்க, மாசா மாசம் கட்டலாம்."

'எங்கயுமே' என்பது காரணமாக அவளுக்குப் படவில்லை. எங்கெல்லாம் தேடினீர்கள் என்று கேட்டாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அவள் கிளம்பிவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது அரசப்பன் பேச்செடுத்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"போதும்மா நந்தினி. ஏதோ ஆசைப்பட்ட, செஞ்ச. அந்தப் பொட்டியும் காலியாயிடுச்சாம். பொண்ணு ஸ்கூலுக்குப் போவ ஆரம்பிச்சுட்டா, இனிமே ஊட்டப் பாத்துக்கோ. எதுக்கு இந்த அலைச்சல்?"

"ஆசைக்குச் செய்யல மாமா. வேல செய்றேன்."

"இன்னா வேல, ஊட்ல உக்காந்துக்குனு" என்று அவர் சிரித்தார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

படுக்கையறையில் அன்புசெல்வன் மெதுவாக இழுத்தான். "அண்ணன் சொல்றதும் ஒருவிதத்துல..."

"நீங்க எந்தப் பக்கம்னு யோசிச்சு முடிவு பண்ணிக்குங்க, அவசரமில்ல" என்றாள் நந்தினி. "நாளைக்கு நான் ரிச்சி தெருவுக்குப் போறேன்."

மறுநாள் ஆயுத பூஜைக்கு முதல் நாள். காலையில் மிஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய ரேமை இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கி எடுத்தாள். மதர்போர்டில் அச்சிட்டிருந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். ரேமைப் பஞ்சு சுற்றி ஒரு சோப்பு டப்பாவில் வைத்து மூடினாள். சூளூர்பேட்டையிலிருந்து வரும் வண்டியில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்து மவுண்ட் ரோடு போனாள்.

ரிச்சி தெரு என்பது தெரு மாதிரி இருக்காது. கம்ப்யூட்டரைக் கவிழ்த்துக் கொட்டினாற்போல் இருக்கும். வயர், விசிறி, கீபோர்டு, அதற்கு நடுவே டீ டம்ளர், அதற்கு நடுவே மனிதர்கள். முதல் கடையில் அவள் சோப்பு டப்பாவைத் திறந்ததும் சிரித்தார்கள். இரண்டாவது கடையிலும் சிரித்தார்கள், ஆனால் சோப்பு டப்பா நல்ல யோசனை என்றார்கள். மூன்றாவதில் ஒருவன் இரண்டு வெட்டுள்ள ரேம் ஒன்றை நீட்டினான். இருநூற்றைம்பத்தாறு எம்பி, புத்தம் புதுசு, விலையும் கம்மி. அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது, எழுதி வைத்திருந்த எண் கலங்கிவிட்டது. வாங்கிவிடலாம் என்று பையைத் திறந்தவள், "என் போர்டுல இது வேல செய்யுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். "எல்லாத்துலயும் செய்யும்மா" என்றான் அவன், அவளுடைய போர்டு எதுவென்றே கேட்காமல். பையை மூடிக்கொண்டாள்.

பழைய சாமானுக்கு மாடியில் சிராஜ் பாயைப் பாருங்கள் என்று டீக்கடையில் கைகாட்டினார்கள். படிக்கட்டு ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறும் அகலம். சிராஜ் பழவேற்காட்டுக்காரர். ஆரம்பாக்கம் என்றதும், "அட, நம்ம பக்கத்து ஊட்டுப் பொண்ணு" என்று ஸ்டூலைத் தட்டிக் கொடுத்தார். சோப்பு டப்பாவில் இருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையில் மிச்சம் இருந்த எண்ணையும் கேட்டார்.

"கீழ எவனாச்சும் ஒரு பக்கம் மட்டும் சிப் இருக்கற ரேம் காட்டினானா?"

"காட்டுனாங்க பாய். புதுசு, வெல கம்மி."

"வாங்கிடலியே? இந்தப் போர்டு அதப் பாதிதாம்மா படிக்கும். எரநூத்தம்பத்தாறு போட்டா நூத்திருபத்தெட்டுதான் காட்டும். ரெண்டு பக்கமும் எட்டு எட்டா இருக்கணும்."

அவரிடம் அப்படி ஒன்று இருந்தது, ஏதோ ஆபீஸ் ஏலத்தில் வந்த மிஷினிலிருந்து எடுத்தது. அவள் கண்ணெதிரே ஒரு பழைய மிஷினில் போட்டு ஓட்டியும் காட்டினார். விலை கேட்டால், புதிய வகையைவிடப் பழையதுக்கு ஜாஸ்தி சொன்னார்.

"இது இன்னா பாய் அநியாயம்? ஏலத்துல எடுத்தத புதுச விட ஜாஸ்தி விக்கறீங்க?"

"புதுசு தெனம் கப்பல்ல வருது தாயி. இத எவனும் இப்ப செய்யறதில்ல. இருக்கறது தீந்தா தீந்துச்சு. உனக்கு வேணும், என்கிட்டதான் இருக்கு. நான் மறைக்கல பாரு."

காரணம் வயிற்றெரிச்சலாக இருந்தாலும் சரியாக இருந்தது. பேரம் பேசிப் பார்த்து, கொஞ்சம் குறைத்து, வாங்கினாள். ஏணிக்கும் கேட்டுக்கும் கோடு போட்டுச் சேர்த்த தன் சொந்தக் காசு. யாரிடமும் கேட்கவில்லை என்ற நினைப்பே வண்டி நெரிசலில் அவளுக்கு நல்ல காற்று வீசியதுபோல் இருந்தது. பெட்டி முழுக்கப் பொரி மூட்டையும் வாழைக்கன்றும். ஒருவர் மடியில் திருஷ்டிப் பூசணிக்காய், அவள் மடியில் சோப்பு டப்பா.

வீட்டுக்கு வந்தால் மூச்சுவிட நேரமில்லை. அரசப்பனின் மனைவி, தன் மகளின் பிரசவத்துக்காகப் பள்ளிப்பட்டு போயிருந்தாள், நந்தினியின் மகளும் பெரியம்மாவோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டாள். பூஜை வேலை முழுவதும் நந்தினிக்கும் மாமியார் பூவம்மாளுக்கும்தான். பழைய ரேமைக் கைப்பையிலேயே விட்டு, புதியது இருந்த டப்பாவைக் கம்ப்யூட்டர் மேல் வைத்துவிட்டுக் கொண்டைக்கடலை ஊற வைக்கப் போனவள், மறுநாள் காலையில் வடைக்கு ஆட்டி, சர்க்கரைப் பொங்கல் கிண்டி, சுண்டல் தாளித்து முடிக்கும்வரை அந்தப் பக்கமே திரும்ப முடியவில்லை.

பூவம்மாள் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தால் ஒன்றையும் விடமாட்டாள். டிராக்டர் சக்கரத்தில் தொடங்கி, மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் மிஷின், பைக், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கம்ப்யூட்டரின் நெற்றியிலும் ஒன்று. ராகு காலத்துக்கு முன்பே அரசப்பன் கற்பூரம் காட்டி முடித்தார். டிராக்டர் ஓட்டும் முனுசாமி பூசணிக்காயை உடைத்தார். வயல் ஆட்களும் உறவுக்காரர்கள் சிலரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"கேட்டுக்குங்க" என்றார் அரசப்பன், எல்லா வருஷமும் சொல்வதை. "நாளைக்குக் காலைல வரைக்கும் எந்த ஆயுதத்தையும் எவனும் தொடக்கூடாது. அதுங்களுக்கு இன்னிக்கு ஓய்வு." அதே மூச்சில் சமையலறைப் பக்கம் திரும்பி, "நந்தினி, வாழக்காய அரிஞ்சு வறுத்துடும்மா. வடையும் சூடா போட்டு எடுத்தா. ஆளுங்க பசியோட இருக்காங்க" என்றார்.

நாளைக் காலையில் தகடு வெட்ட வேண்டும், அதற்கு இன்று கோடு போட வேண்டும். நாளை தொடங்காவிட்டால் தப்பு, இன்று தொட்டால் தப்பு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது தன் பிழைப்பு மட்டும்தான் என்று அவளுக்குக் குமுறியது. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியவள், தீயைத் தணித்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். ஸ்குரூ டிரைவரின் பிடியில்கூடக் குங்குமம் இருந்தது. அதைத் துடைக்காமலே தகட்டைக் கழற்றினாள். அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை, சரியாகக் கண் தெரியவில்லை. பழைய ரேமை அதன் இடத்தில் அமுக்கினாள், டப்பாவிலிருந்து புதியதை எடுத்து அடுத்த இடத்தில் அமுக்கினாள், ஸ்விட்சைப் போட்டாள்.

கம்ப்யூட்டர் கத்தியது. நீளமாக, விட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி. திரை கருப்பாகவே இருந்தது. ஒயரைப் பிடுங்குவதற்குள் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் வாசற்படியில் நின்றார்கள், அரசப்பன் எல்லாருக்கும் முன்னால்.

ஏலத்துச் சரக்கைக் கட்டிவிட்டாரே அந்த மனிதர் என்று அவளுக்கு முதலில் சிராஜ் மேல்தான் கோபம் வந்தது. ரேமைப் பிடுங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்களின்மேல், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, காய்ந்த சந்தனம். நடுநடுவே குங்குமம், எவ்வளவோ கவனமாக, ஒன்றுக்கொன்று சம தூரத்தில்.

"யாரு இதுக்குப் பொட்டு வெச்சது?"

"நாந்தான் கண்ணு" என்றாள் பூவம்மாள் பின்னாலிருந்து. "புதுசா வாங்கியாந்தியே, அதுக்கு மட்டும் வெக்காம வுட்டா கொறையா போயிடும்னு டப்பாவத் தொறந்தேன். மேல கறுப்பு கறுப்பா எழுத்து இருந்துச்சு, அது மறைஞ்சிடக் கூடாதுன்னு தங்கமா இருக்கற எடத்துல வெச்சேன். ஏன், தப்பா?"

நந்தினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டியது. போர்டைத் தொட்டாக வேண்டிய, பொட்டு வைக்கவே கூடாத ஒரே இடத்தில், வைக்க வேண்டும் என்ற அக்கறையோடு வைத்திருக்கிறாள். இவளை என்ன சொல்லித் திட்டுவது?

அரசப்பனுக்கு அது போதுமாக இருந்தது. "பாத்தியா, சாமியே சொல்லிடுச்சு. கற்பூரம் காட்டின ஆயுதத்தத் தொட்டா இப்டித்தான் ஆவும். மூடி வெச்சுட்டு வாம்மா, வடையப் போடு."

நந்தினி தரையிலிருந்து எழுந்தாள். கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது.

"மாமா, அரிவாமண ஆயுதமா, இல்லியா?"

"ஆயுதந்தான். பொட்டு வெச்சிருக்கே."

"கிரைண்டரு?"

"அதுவும்தான்."

"அப்ப அதுக்கெல்லாம் ஓய்வு கெடையாதா? இதோ இப்ப என்ன வாழக்கா அரியச் சொன்னீங்களே?"

யாரோ சிரித்தார்கள். அரசப்பனுக்குச் சுருக்கென்றது. "இன்னாம்மா பேசற? அது சோறாக்கறது. அது ஒரு வேலையா?"

சொன்ன பிறகு அவருக்கே ஏதோ போலிருந்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமினார். ஆனால் வார்த்தை கூடத்தில் விழுந்துவிட்டது.

"வேல இல்லியா?" என்றாள் நந்தினி. "சரி மாமா. நான் ஊட்ல உக்காந்து கோடு போடறதும் வேல இல்ல, அடுப்புல வேவறதும் வேல இல்ல. வேலையே இல்லாதத யாரு வேணா செய்யலாம். ஆனா சட்டம்னா எல்லா ஆயுதத்துக்கும் ஒரே சட்டம்தான்."

நேரே சமையலறைக்குப் போய் காஸை மூடினாள். கரண்டியை, கத்தியை, வடைச் சட்டியின் ஜல்லிக்கரண்டியை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பூஜை இடத்தில் கடப்பாரைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.  அன்புசெல்வன் உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றான்.

அப்போதுதான் பூவம்மாள் அசைந்தாள். பெரிய மகனை எதிர்த்து ஒரு சொல் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் சமையலறைக்குள் போய், அரிவாள்மணையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, டிராக்டர் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இத்தினி வருசம் நான் செஞ்சது வேலையே இல்லன்னு இன்னிக்குதான் தெரிஞ்சுது அரசு. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் படுத்தாவது இருந்திருப்பேன்" என்றாள். தலைக்குப் புடவைத் தலைப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு, கூடத்திலேயே, எல்லார் நடுவிலும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நந்தினி அறைக்குத் திரும்பினாள். பழைய பெயிண்ட் பிரஷால் குங்குமத்தைத் தட்டினாள். டிப்ளமோ காலத்து டிராயிங் பெட்டியில் ஒரு வெள்ளை ரப்பர் கிடந்தது, பென்சில் கோட்டை அழிக்கிற அதே ரப்பர். அதை எடுத்துத் தங்கப் பற்களை ஒரே பக்கமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். சந்தனம் மஞ்சள் துருவலாக உதிர்ந்தது. வீடே மணந்தது. ரேம் சொருகிய துளைக்குள்ளும் சந்தனப் பொடி இறங்கியிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தபோது, தோளுக்கு மேலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் விழுந்தது. அன்புசெல்வன்.  

"முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள்.

"நேரா புடிச்சிருக்கனா பாரு" என்றான் அவன்.

துளையில் பொடி இருந்தது. அதை விட்டுவிட்டு, அதற்கும் அடுத்த காலி இடத்தில் ரேமை வைத்து, இரண்டு கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அமுக்கினாள். ஸ்விட்சைப் போட்டாள். ஒரே ஒரு சின்னச் சத்தம். திரையில் மெமரி எண்கள் ஓடின, நூற்றிருபத்தெட்டில் எப்போதும் நிற்கும் இடத்தைத் தாண்டி ஓடின, முந்நூற்றெண்பத்துநாலில் போய் நின்றன. நந்தினி "ஆ!" என்று கத்திவிட்டாள். படுத்திருந்த பூவம்மாள் கண்ணைத் திறக்காமலே, "என் பொட்டு நல்ல பொட்டு" என்றாள்.

கொட்டகையின் கூரை முழுசாகத் திரையில் எழுந்து நின்றது. மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கூடத்தில் பொரி தீர்ந்தது. அவலும் கடலையும் தீர்ந்தன, வாழைப்பழம் தீர்ந்தது. சுண்டலும் பொங்கலும் படைத்ததோடு சரி, ஆளுக்கு ஒரு கை வந்தது. ஓட்டல் ஏதாவது திறந்திருக்கிறதா என்று பார்த்துவர முனுசாமியை அனுப்பலாம் என்றால், பைக்கும் ஆயுதம். நடந்து போய்விட்டு வந்தவர், எல்லாம் மூடியிருக்கிறது, எல்லா ஓட்டல்காரனும் கரண்டிக்குப் பூஜை போட்டுவிட்டான் என்று சொன்னார். உறவுக்காரர் ஒருவர், இன்னொரு நாள் வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போவது அரசப்பனின் ஆயுளில் நடந்ததில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் எவ்ளோ நேரமாவும்மா?"

"எது மாமா? இதுவா, அடுப்பா?"

அவர் தரையைப் பார்த்தார். பின்னால் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "தொட்டுக்கோ" என்றார்.

"எத மாமா?"

"எல்லாத்தயும்" என்றார் அரசப்பன். "எல்லாத்தயும் தொட்டுக்கோ. அதுவும் வேலதான். இதுவும் வேலதான்."

நந்தினி எழப் போனாள். பூவம்மாள் அதற்குள் எழுந்து அரிவாள்மணையை எடுத்துக்கொண்டிருந்தாள். "நீ உக்காரு. உன் வேலையப் பாரு. டேய் அன்பு, வந்து வாழக்காய உரி." அன்புசெல்வன் டார்ச்சை அணைத்துவிட்டுப் போனான். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூரையின் கடைசிச் சட்டமும் முடிந்தது. நாலு வடை ஆறிப் போய்க் கீபோர்டு பக்கத்தில் இருந்தன, அத்தனையையும் அவளே தின்றாள்.

விஜயதசமி காலையில், நல்ல நேரம் பிறக்கும் முன்பே, ஃப்ளாப்பிகளோடு வீரராகவனின் ஷெட்டில் நின்றாள். அவர் தன் கம்ப்யூட்டரில் திறந்து, பெரிதாக்கி, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். அளவுகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கடைசியில் ஷெட்டுக்குள் குரல் கொடுத்தார். காஸ் கட்டர் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

"நல்லா பண்ணிட்டம்மா" என்றார். "உன்னால ஆவாதுன்னுதான் நெனச்சேன். அந்தப் பழைய மிஷின வெச்சுக்குனு, அதுவும் பூஜை நாள்ல. சரி, இனிமே இப்டிப் பண்ணிக்கலாம். உன்ன ரொம்பக் கஷ்டப்படுத்த வேணாம். கேட்டு, ஏணி, இந்த மாதிரி சின்னது உன்கிட்ட வரட்டும். பெருசெல்லாம் மெட்ராஸ் ஆளுங்க பாத்துக்கட்டும். பரவால்ல, ரெண்டு எடத்துக்கும் நான் அலைஞ்சுக்கறேன்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நந்தினிக்கு மூக்கு விடைத்தது.

"ஏன் சார்?"

வீரராகவன் வாயைத் திறந்தார், காரணம் தேடினார், அவர் கண் திரையில் நின்ற கூரைமேல் போய் நின்றது. 

"சின்னத மெட்ராஸுக்கு அனுப்புங்க சார்" என்றாள் நந்தினி. "பெருசு எனக்கு."

 அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, அடுத்த பெரிய வேலைக்கென்று மெட்ராஸுக்கு அனுப்புவதற்காக உறையில் போட்டு முகவரி எழுதி வைத்திருந்த சிடி ஒன்றை எடுத்தார். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, சிடியை அவள் பக்கமாகத் தள்ளினார்.